ஐந்தாவது குப்பி

எங்கள் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு ஆபீசர் வீரராகவன் பம்பாயில் மூன்று வாரப் பயிற்சி முடித்துத் திரும்பியபோது கையோடு ஒரு படம் கொண்டுவந்தார். அட்டையில் ஒட்டிய அந்தப் படத்தில் ஒரு கோடு உயரத்தில் தொடங்கி, படியில் வழுக்கின ஆள் மாதிரி கீழே இறங்கிப் போனது. மனிதக் கண் எவ்வளவு நேரம் ஒழுங்காக வேலை செய்யும் என்று அந்தக் கோடு சொல்கிறதாம். முதல் அரைமணி நேரம் கண் விழிப்பாக இருக்கும். அப்புறம் கண் திறந்துதான் இருக்கும், பார்வை இருக்காது. தேடுகிற பொருள் எப்போதோ ஒன்று வருவதாக இருந்தால் இன்னும் மோசம். ஆயிரத்தில் ஒன்று வந்தால், அது மூக்குக்கு நேரே வந்து நின்றாலும் தெரியாது.

இதைத் தெரிந்துகொள்ள பம்பாய்க்கு ரயில் ஏற வேண்டியதில்லை. எங்கள் சோதனை அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அந்த அறையில் அவர் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இது நடந்தது எழுபத்து நாலில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மருந்துக் கம்பெனி. ஊசி மருந்தைக் கரைப்பதற்கான சுத்த நீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, கழுத்தை நெருப்பில் உருக்கி மூடி, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினோம். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு குப்பியையும் ஒரு ஆள் கண்ணால் பார்க்க வேண்டும். ஆறு பெண்கள் இருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் முன்னால் ஒரு குழல் விளக்கு, அதற்குப் பின்னால் பாதி வெள்ளை, பாதி கறுப்பு அடித்த பலகை. குப்பியைக் கழுத்தில் பிடித்து மெதுவாகக் கவிழ்த்து, வெள்ளைப் பக்கம் ஒருமுறை, கறுப்புப் பக்கம் ஒருமுறை பார்க்க வேண்டும். தூசியும் நூலும் வெள்ளையில் தெரியும். கண்ணாடித் துணுக்கு கறுப்பில் மட்டும்தான் தெரியும், அதுவும் திரும்பும்போது ஒரு கணம் மின்னும், அவ்வளவுதான். தட்டுக்கு முந்நூறு குப்பி. நாளுக்குப் பத்துத் தட்டு.

நான் அந்த அறையின் பதிவேடு எழுதுகிறவன். சாத்தூர்ப் பக்கத்துக்காரன். கொரட்டூரில் ஒரு ஓட்டு அறையில் தனியாகக் குடியிருந்தேன். பேர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. ரைட்டர் என்றார்கள்.

அந்தப் பெண்களை ஐயோ பாவம் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. ஆறு பேரில் ஐந்து பேர் குப்பியைப் பார்த்ததைவிடக் கடிகாரத்தை அதிகம் பார்த்தார்கள். பூங்காவனம் என்று ஒருத்தி, பட்டாபிராமிலிருந்து வருவாள். முந்தின வாரம் பார்த்த படத்தை முதல் காட்சியிலிருந்து சண்டையோடு சொல்லிக்கொண்டே குப்பியைக் கவிழ்ப்பாள். கதாநாயகன் ஜெயிக்கிற இடத்தில் நாலு குப்பி கவிழாமலே போகும்.

ஆறாவது ஆள் கன்னியம்மா. வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருவாள். கம்பெனிக்கு வருவதற்கு முன் நாற்று நட்டவள். நாலு வருஷமாகத் தினக்கூலி. அவளுக்குப் பின்னால் வந்த பூங்காவனம்கூட நிரந்தரமாகிவிட்டாள், ஏனென்றால் அவளுடைய சித்தப்பா மேனேஜர் மணவாளன் வீட்டு மாட்டைப் பார்த்துக்கொள்கிறவர். ஐப்பசி மழை வந்து ஆர்டர் குறைந்தால் தினக்கூலிக்காரர்களை "நாளைக்கு வராதே" என்பார்கள். கன்னியம்மா மறுபடி கழனிக்குப் போய் முழங்கால் சேற்றில் நிற்பாள். வருஷா வருஷம் இதுதான். நிரந்தரமானால் அந்தச் சொல்லை ஒருத்தரும் அவளிடம் சொல்ல முடியாது. அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வீரராகவன் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, தன் கண்டுபிடிப்பை அறிவித்தார். அபூர்வமாக வருவதால்தானே கண் தூங்குகிறது? அடிக்கடி வரச் செய்வோம். கறுப்பு நூல் துண்டு போட்ட குப்பிகளாக அவரே இருபத்து நாலு தயார் செய்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு பெண்ணின் தட்டிலும், அன்றைய சரக்கோடு சரக்காக நாலு குப்பியைக் கலந்து வைப்பார். நாலையும் பிடித்தால் தேறினாள். ஒன்றை விட்டாலும் தவறு. நல்ல குப்பியைக் கெட்டது என்று ஒதுக்கினாலும் தவறு. நிரந்தரமாக வேண்டியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேனேஜர் முன்னால் தனிப் பரீட்சை. அதிலும் அதே நாலு.

"எப்பவும் நாலுதானா சார்?" என்று நான் கேட்டேன்.

"ஆறு பேர், இருபத்து நாலு குப்பி. வகுத்துப் பாருங்க," என்றார்.

வகுத்துப் பார்த்தது நான் மட்டுமல்ல. இரண்டாவது வெள்ளிக்கிழமையே பூங்காவனம் கண்டுபிடித்துவிட்டாள். அந்த நூல் குப்பிகளுக்கு மாப்பிள்ளைகள் என்று பேர் வைத்தாள்.

"இன்னாடி, உன்க்கு எத்தினி மாப்ள வந்துகீறானுங்க?"

"மூணு. ஒருத்தன் இன்னும் வர்ல."

"எனக்கு நாலும் வந்துட்டானுங்கம்மே. பந்திய எடு, எலயப் போடு!"

நாலாவது மாப்பிள்ளை வந்ததும் தட்டு முடிந்தது. மீதி இருநூறோ நூற்றைம்பதோ குப்பி கவிழாமல் அப்படியே தள்ளப்படும். நூல் வெள்ளையில்தான் தெரியும் என்பதால் கறுப்புப் பக்கத்தை யாரும் தொடுவதே இல்லை. பழக்கம் வெள்ளிக்கிழமையோடு நிற்கவில்லை, மற்ற நாளுக்கும் வந்துவிட்டது. தூங்குகிற கண்ணை எழுப்ப வந்த மனுஷன், எப்போது தூங்கலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆனால் பதிவேட்டில் எல்லோரும் நாலுக்கு நாலு. அவர் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். கோடு இப்போது ஏறுகிற மாதிரி இரண்டாவது படம் ஒன்று வரைந்து பக்கத்திலேயே மாட்டினார்.

கன்னியம்மா மட்டும் முந்நூறையும் பார்த்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு தட்டுக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தாள். "மெதுவான ஆள்" என்று வீரராகவன் அவளைப் பற்றிக் குறிப்பு எழுதச் சொன்னார். எழுதினேன்.

ஜூலையில் அவளுடைய பரீட்சை வந்தது. மணவாளன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதலாளியின் மைத்துனர் என்பதைத் தவிர அவருக்கு அந்த நாற்காலியில் உட்கார வேறு தகுதி கிடையாது. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "சட்டுனு முடிங்கப்பா," என்றார்.

கன்னியம்மா நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டாள். முடித்தபோது ஒதுக்குத் தட்டில் ஐந்து குப்பி இருந்தது.

வீரராகவன் எண்ணிப் பார்த்தார். திரும்ப எண்ணினார். சிரித்தார்.

"என்னம்மா, அஞ்சு இருக்கு?"

"ஆமா சார். அஞ்சுதான்."

"நான் போட்டது நாலு."

"நீ போட்டது நாலு சார். இது நெருப்புல மூடசொல்ல உள்ள பூந்துக்கினது. கண்ணாடி கீது."

அவர் அந்தக் குப்பியை எடுத்து விளக்கில் பிடித்தார். வெள்ளைப் பக்கம் பிடித்தார். ஆறு மாதமாக நூலையே தேடின கண், வேறெங்கே போகும்? ஒரு நிமிஷம் பார்த்தார். ஒன்றுமில்லை.

"கருப்பாண்ட புடிச்சிப் பாரு சார்," என்றாள்.

கறுப்பில் பிடித்தார். ஆனால் பாட்டில் மருந்தைக் குலுக்குகிற மாதிரி ஒரு குலுக்குக் குலுக்கினார். உள்ளே நுரை நுரையாகக் காற்று.

"இது காத்தும்மா. வெறும் குமிழ்."

"குலுக்காத சார். கம்முனு கவுத்தா, காத்து மேல ஏறும். இது கீழ எறங்குது பாரு."

குப்பியை மணவாளன் கேட்டு வாங்கினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். "எனக்கு ஒரு எழவும் தெரியல," என்று என்னிடம் நீட்டினார். "யோவ் ரைட்டரு, நீ பாரு. உனக்கு வயசு கண்ணு."

நான் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் தெரிந்தது, விளக்கு தெரிந்தது, என் விரல் தெரிந்தது. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் வீரராகவன் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை எப்படியாவது துடைக்க வேண்டும் என்று தோன்றியது. கன்னியம்மா மேல் இருந்த கரிசனம் அல்ல, அந்த ஆள் மேல் இருந்த வெறுப்பு.

"இருக்கு சார். நல்லாத் தெரியுது," என்றேன்.

"எங்கே?"

"அடியில."

"எப்படி இருக்கு? நிறம் சொல்லுங்க."

எனக்கும் ஆறு மாதமாகப் பதிவேட்டில் எழுதி எழுதி ஒரே பழக்கம். வாயிலிருந்து அதுதான் வந்தது.

"கறுப்பா, நூல் மாதிரி."

அறை முழுக்கச் சிரித்தது. பூங்காவனம் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். வீரராகவன் என் தோளைத் தட்டினார்.

"பாத்தீங்களா சார்," என்று மணவாளனிடம் திரும்பினார், "அவ கண்ணாடிங்கறா, இவர் நூல்ங்கறார். ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு ஒழுங்காப் பேசலை."

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். நான் பலகையைப் பார்த்தேன்.

"இப்பவே முடிச்சிடலாம்," என்று வீரராகவன் கறுப்புக் காகிதம் ஒன்றை மேஜையில் விரித்தார். குப்பியின் கழுத்தைப் பிடித்தார்.

"ஒடிக்காத சார்!" கன்னியம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "ஒடிக்காத, ஒடிச்சா—"

டிக் என்று ஒடித்தார். தண்ணீரைக் காகிதத்தில் ஊற்றினார். குனிந்து பார்த்தோம். கறுப்புக் காகிதத்தில் மூன்று துணுக்குகள் மின்னின. இந்தத் தடவை எனக்கும் தெரிந்தது.

"கண்ணாடிதானே இது?" என்றார் மணவாளன்.

"கண்ணாடிதான் சார்," என்றார் வீரராகவன், கொஞ்சமும் அசராமல். "கழுத்தை ஒடிச்சா துணுக்கு விழத்தான் செய்யும். எந்தக் குப்பியை ஒடிச்சாலும் விழும். இதுல உள்ளே இருந்தது எது, இப்ப விழுந்தது எதுன்னு யார் சொல்ல முடியும்?"

"அத்தத்தான் சார் ஒடிக்காதன்னு சொன்னேன்," என்றாள் கன்னியம்மா.

சாட்சியைக் கொன்றுவிட்டு சாட்சி இல்லை என்கிற ஆளிடம் என்ன பேசுவது? மணவாளன் வெற்றிலையைத் துப்ப எழுந்து போய்விட்டார். வீரராகவன் என்னிடம் எழுதச் சொன்னார்: நாலு சரி, ஒன்று தவறாக ஒதுக்கப்பட்டது. மறுபரீட்சை ஆறு மாதம் கழித்து. எழுதினேன். பதிவேடு இங்கிலீஷில். கன்னியம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னா எழுதுன?"

சொன்னேன்.

"ஒதவி பண்றேன்னு வந்தியே அண்ணாத்தே. தெர்ல்லன்னா தெர்ல்லன்னு சொல்லிட்டுப் போறதுக்கு இன்னா? உன்ன எவன் கூப்ட்டான்?"

நான் பதிவேட்டை மூடினேன்.

அவள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அது ஒரு குப்பியோடு போகிற சங்கதி இல்லை என்று அவளுக்குத் தெரியும். உருக்கி மூடுகிற இடத்தில் நெருப்பு சரியாக இல்லாவிட்டால் அந்த அடுப்பில் மூடின எல்லாச் சரக்கிலும் துணுக்கு விழும். சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளியைத் திறக்காமல் அதே சரக்கில் இரண்டு தட்டு எடுத்து வைத்துப் பார்த்தாள். மூன்று குப்பி ஒதுக்கினாள். மூன்றையும் முந்தானையில் முடிந்துகொண்டு, வீரராகவனிடம் போகாமல், நேரே மணவாளன் அறைக்குப் போனாள். பூங்காவனம் பின்னாலேயே போனாள், வேடிக்கை பார்க்க. நானும் போனேன்.

"இன்னாம்மா மறுபடி?" என்றார் மணவாளன்.

"மொதலாளி, ஒரு நிமிசம். ஒடிக்க மாட்டன்னு சொல்லு, காட்றேன்."

"ஒடிக்கல. காட்டு."

அவருடைய கறுப்புக் குடையை ஆணியிலிருந்து எடுத்து விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அதற்கு முன்னால் குப்பியை மெதுவாகக் கவிழ்த்தாள்.

"நடுவுல பாக்காத. அடில பாரு. மேல ஏறுறத வுட்டுடு. எறங்குறத மட்டும் பாரு. தோ... தோ வருது."

"அட," என்றார் மணவாளன். "மின்னுதுய்யா! ஊசி மொனையாட்டம்!"

எங்கே பார்ப்பது, எதை விடுவது என்று சொன்னதும் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. பூங்காவனம்கூட "ஐயே, ஆமாம்மே," என்றாள். இத்தனை மாதமாக அவள் கையிலும் இந்த மாதிரிக் குப்பிகள் வந்துதான் போயிருக்கும். வீரராகவனைக் கூப்பிட்டார்கள். அவர் இரண்டாவது கவிழ்ப்பிலேயே பார்த்துவிட்டார்.

"நான் காலையிலேயே சந்தேகப்பட்டேன் சார்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படி ஒரு வாக்கியத்தை வெட்கமில்லாமல் சொல்லவும் பம்பாயில் சொல்லிக் கொடுப்பார்கள் போல.

பதினெட்டாயிரம் குப்பியை நிறுத்திவைத்தார்கள். அதில் ஒன்பதாயிரம் ஏற்கெனவே "நன்று" முத்திரை குத்திப் பெட்டிக்குள் போயிருந்தது. திரும்பச் சோதித்ததில் இருநூற்றுப் பத்துக் குப்பியில் கண்ணாடி. மனுஷர் நரம்புக்குள் போக இருந்த கண்ணாடி. வீரராகவன் தலைமை ஆபீசுக்கு நாலு பக்கம் அறிக்கை அனுப்பினார். தாம் அறிமுகப்படுத்திய பரீட்சை முறையால் ஒரு பெரிய பழுது உரிய நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது என்று. படியெடுத்தது நான். நாலு பக்கத்தில் கன்னியம்மா பேர் ஒரு இடத்திலும் இல்லை. "ஒரு சோதகர்" என்று ஒரு இடத்தில் இருந்தது.

மறுநாள் அவள் அவரிடம் கேட்டாள்.

"அப்போ அந்த அஞ்சாவது குப்பி சார்? அதுவும் இந்தச் சரக்குதான? எழுதனத மாத்துவியா?"

"அது வேற விஷயம்மா. இந்தக் குப்பிகள்ல இருந்துச்சு, ஒத்துக்கறேன். அந்தக் குப்பில இருந்துச்சுன்னு ஆதாரம் இல்லை. ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆறு மாசம்தானே, பொறு."

ஐப்பசியில் மழை வந்தது. ஆர்டர் குறைந்தது. "நாளைக்கு வராதே" என்றார்கள். ஏழு வாரம் அவள் நாற்காலி காலியாக இருந்தது. பூங்காவனம் தினமும் வந்தாள். மாப்பிள்ளைகளும் வெள்ளிக்கிழமைதோறும் வந்தார்கள், நாலு நாலு பேராக. ஒருவன்கூடக் கறுப்பு நூலை விட்டு மாறவில்லை.

தை பிறந்து அவளுக்கு இரண்டாவது பரீட்சை. அதே மேஜை, அதே மேனேஜர், அதே வெற்றிலை. கன்னியம்மா கையில் சேற்றுப்புண் இன்னும் ஆறவில்லை. விரல் இடுக்கில் மஞ்சள் தடவியிருந்தாள். வேலையைத் தொடங்கினாள். குப்பியைக் கவிழ்க்கிற அழகு மாறவில்லை. ஒன்று, இரண்டு, கொஞ்ச நேரம் கழித்து மூன்று. பன்னிரண்டாவது நிமிஷத்தில் நாலாவதை ஒதுக்கினாள். எழுந்து நின்றாள்.

"முடிஞ்சுதா?" என்றார் வீரராகவன்.

"முடிஞ்சிச்சி சார்."

எண்ணினார். நாலு. நாலிலும் நூல். கடிகாரத்தைப் பார்த்து, "பிரமாதம்! போன தடவை நாப்பது நிமிஷம், இப்ப பன்னிரண்டு," என்று மணவாளனுக்குக் காட்டினார். "பயிற்சி கொடுத்தா யாரும் தேறுவாங்க சார்." மணவாளன் தலையாட்டி உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அவளும் தன் பேரை எழுத்துக் கூட்டிப் போட்டாள். நிரந்தரம்.

ஐந்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அவளை எட்டிப் பிடித்தேன். ஆறு மாதமாக என்னிடம் வேலைப் பேச்சைத் தவிர ஒன்றும் பேசாதவள். இருந்தாலும் கேட்டேன்.

"இன்னைக்கித் தட்டுல நாலுதான் கெடந்துச்சா?"

நடையை நிறுத்தாமல் சொன்னாள்.

"நாலு ஆப்ட்டுச்சி. எந்திரிச்சிட்டேன்."

"மிச்சம்?"

"அத்த நான் தொடவே இல்ல அண்ணாத்தே. தொடாத குப்பில இன்னா கீதுன்னு எனக்கு எப்டித் தெரியும்? போயி நீ பாரேன்."

திருவள்ளூர் வண்டி வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

நான் பார்க்கவில்லை. அந்தத் தட்டு மறுநாள் காலை பெட்டிக்குப் போனது. போகலாம் என்று பதிவேட்டில் எழுதியது நான்தான்.